டைலரம்மா தைத்த கவுன்

எங்கள் இல்லத்தில் டைலரம்மாவிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கும் தைரியம் கிடையாது. கோபம் எல்லோருக்கும் வரும், போகும். அந்த அம்மாவுக்கு வந்தால் போகாது. மடித்து, இஸ்திரி போட்டு, பத்திரமாக உள்ளே வைத்திருந்து, நாள் பார்த்து எடுத்துக் கொடுப்பார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே என் பெயரே 'டிக்கெட்' தான். மன்னிப்பதுதான் பெரிய குணம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். மன்னித்துவிட்டு இறங்கிப் போகிறவனுக்கு அடுத்த ஸ்டேஷன் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் கிடக்கிறவனுக்கு என்ன இருக்கிறது?

டைலரம்மாவின் வன்மத்துக்கு ஒரு வரலாறே உண்டு. கடை வைத்திருந்த காலத்தில் தலைமை ஆசிரியர் ஒருவர், வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போது, "ஏய் தையல்" என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அந்த மனிதர் தன் ஓய்வு விழாவுக்கு இவரிடமே கோட்டு தைக்கக் கொடுத்தார். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாத கோட்டு. கையைத் தூக்கினால்தான் விஷயம் தெரியும்; மொத்தக் கோட்டும் காதுவரை ஏறிவிடும். விழா முழுக்க மனிதர் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு பேசினார். கைதட்டியவர்களைப் பார்த்துக் கையசைக்கக்கூட முடியவில்லை.

விட்டு ஓடிப்போன புருஷன் பல வருஷம் கழித்து ஒருநாள் வந்து, உரிமையோடு சட்டையைக் கழற்றி, "ஒரு பொத்தான் போச்சு, தைச்சுக் கொடேன்" என்றானாம். தைத்துக் கொடுத்தார். பொத்தானை மட்டும் அல்ல. பொத்தான் துளைகள் ஒவ்வொன்றையும் அடைத்துத் தைத்து, அழகாக மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

இந்த அம்மாவுக்குத் தலைகீழாக ஒரு தங்கை. நாங்கள் அவரைச் 'சின்னம்மா' என்போம். யார் எது சொன்னாலும் "பரவாயில்லைங்க" தான். காலை மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். கையில் ஒரு பையன். சின்னம்மா தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்றார். டைலரம்மா கடையில் மிஷின் மிதித்தார். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போனது, கல்லூரி போனது, வேலைக்கு நேர்முகத்துக்குப் போனது எல்லாம் பெரியம்மா தைத்த உடுப்பில்தான். அவன் இன்று நல்ல வேலையில் வேறு ஊரில் இருக்கிறான். இரண்டு அம்மாக்களையும் ஒன்றாக இந்த இல்லத்தில் சேர்த்தான். கெட்டவன் இல்லை. ஆனால் வேலையில் மூழ்கியவன், யார் சொன்னாலும் 'சரி' என்று நம்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிற ரகம். அந்த ரகத்தை வைத்துத்தான் இப்படிப்பட்ட இல்லங்கள் பிழைக்கின்றன.

டைலரம்மா தையல் மிஷினோடுதான் வந்து இறங்கினார். அது இல்லாமல் வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். இல்லத்தை நடத்தும் மேடம் அதற்குச் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள். வெந்நீர் வரவில்லை என்றாலும் சிரிப்பு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் செத்துப்போனாலும் அதே சிரிப்பு. சிரிப்பு மேடம் என்று பெயர் வைத்தது நான்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையல்காரர் இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ராத்திரிச் சாப்பாடு சாயங்காலமே வந்துவிடும். பிறகு மறுநாள் காலை வரை வயிறு என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். மெல்ல முடியாதவர்களுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்து ஒரு கிண்ணம். அது காய்கறியா, முட்டையா, நேற்றைய மிச்சமா என்று கடவுளுக்கும் தெரியாது. ஒரு வரிசை முழுவதற்கும் ஊட்ட ஒரே ஆயாம்மா. இன்னொருத்தி இருந்தாள், அவளை மேடம் நிறுத்திவிட்டாள். இருக்கிற ஒருத்தி எத்தனை வாயைப் பார்ப்பாள்? மற்றவர்களை விட்டுவிடுங்கள், சின்னம்மாவுக்குக் கை நடுங்கும். கரண்டியில் எடுத்தது வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் கொட்டும். ஊட்டிவிட்டாலும் மெதுவாகத்தான் விழுங்குவார். இரண்டாவது வாய்க்கு அவர் தயாராகும்போது தட்டு எடுக்கும் நேரம் ஆகிவிடும். "சாப்பிடுறீங்களா, எடுத்துடவா?" என்று கேட்பார்கள். "பரவாயில்லைங்க, எடுத்துக்குங்க" என்பார் மகராசி. அன்றைய கணக்கில் அவர் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். டைலரம்மாவுக்கு மூட்டு வலி, தவிர அவர் சாப்பிடும் மேசை வேறு. எட்டி நின்று கத்துவார். கத்தினால் மேடம் வந்து சிரிப்பாள்.

எடை பார்க்கும் மிஷின் ஒன்று அலுவலக அறையில் இருக்கிறது. அதன் மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் செடி மாதாமாதம் நன்றாகத்தான் தேறிவந்தது.

எங்களுக்கு உடம்பு வற்ற வற்ற, மேடத்துக்கு ஒரு புதுப் பிரச்சினை வந்தது. மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தார் வரும் நாள். பெண்களுக்கெல்லாம் இல்லத்தில் போட்டுவிடும் கவுன் தோளிலிருந்து வழிகிறது. ஆண்களுக்குக் கால்சட்டை நிற்கவில்லை. அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? சாப்பாடு இல்லை. தையல். ஒருநாள் கை நிறையத் துணிகளோடு டைலரம்மாவிடம் வந்தாள்.

"இதையெல்லாம் இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் கொடுத்துடுங்கம்மா. எடுப்பா இருக்கும். வர்றவங்க பார்த்தா சந்தோஷப்படுவாங்க இல்ல?"

டைலரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என் தங்கச்சிக்குத் தினம் ஒரு டம்ளர் பால் அதிகமா வரணும். வந்தா பிடிச்சுத் தரேன்."

"அதுக்கென்ன, தாராளமா" என்று சிரித்தாள்.

பால் வந்தது. டைலரம்மாவே நடந்து போய், பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை குடிக்க வைப்பார். அதற்காக எங்கள் எல்லோருடைய துணியையும் பிடித்துப் பிடித்துத் தைத்தார். என் கால்சட்டையும் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்த என் மகள், "அப்பா, டிரிம்மா இருக்கீங்களே" என்றாள். ஆமாம், டிரிம்தான். உண்மையைச் சொல்லலாம் என்றால், மேடம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

கொஞ்ச நாளில் பாலில் தண்ணீர் அதிகமானது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆனது. அப்புறம் நின்றே போனது. சின்னம்மாவின் முதுகில் ஒரு புண் வந்தது. உட்கார்ந்தும் படுத்துமே இருப்பதால் வந்தது. உடம்பில் சத்து இருந்தால்தானே ஆறும், அது ஆறவே இல்லை. டைலரம்மா என் கைப்பேசியை வாங்கித் தங்கை மகனைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"டேய் தம்பி, உங்கம்மா எலும்பும் தோலுமா ஆயிட்டா. இங்க ஒருத்தரும் ஒழுங்கா ஊட்டுறதில்ல. வந்து பாருடா."

"போன மாசம்தானே பெரியம்மா பார்த்தேன்? நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. மேடத்தையும் கேட்டேன். சாப்பாட்டுல குறையே இல்லன்னாங்க."

"அவ சொல்லுவா. நான் சொல்றது பொய்யா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "பொய்னு சொல்லல பெரியம்மா. உங்களுக்கு எப்பவும் யார் மேலயாவது கோபம். முன்னாடி அந்த ஹெட்மாஸ்டர், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க, இப்ப இந்த மேடம். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்."

டைலரம்மா கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பெயர், வேண்டிய நேரத்தில் காலை வாரிவிட்டது. சின்னம்மா புகார் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். ஆனால் சின்னம்மா "பரவாயில்லைங்க" ஆயிற்றே.

அடுத்த குடும்ப நாளுக்கு முன்னால் மேடம் மறுபடி ஒரு துணியைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். பழுப்பு நிறக் கவுன். சின்னம்மாவுடையது.

"இதை இன்னும் கொஞ்சம் பிடிச்சுடுங்கம்மா."

டைலரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு பக்கமும் பிடித்து, ஒரு பக்கத்துப் பாக்கெட் மறுபக்கத்துப் பாக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதற்கு மேல் பிடித்தால் முன்பக்கமும் பின்பக்கமும்தான் ஒன்றாகத் தைக்க வேண்டும். அவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சரி, யாருக்கோ கோட்டு தயாராகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே மறுபடி என் கைப்பேசி கேட்டார். குரலில் தேன் சொட்டியது.

"தம்பி, அன்னிக்கு ஏதோ கோபத்துல பேசிட்டேன்டா. மனசுல வச்சுக்காத. நம்ம பாப்பாவுக்கு ஒரு கவுன் தைச்சுத் தரணும்னு ஆசையா இருக்கு. அவ அளவு எடுத்து அனுப்பேன்."

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் இன்னும் ஆரம்பப் பள்ளி தாண்டாதவள். தோள், மார்பு, இடுப்பு, கை என்று எல்லா அளவும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. மேடத்திடம் சொன்னதும் அவளுக்கும் ஏக மகிழ்ச்சி. பெரியம்மா பேத்திக்குத் தைத்த கவுன், எல்லோர் முன்னிலையிலும் பரிசளிப்பு, போட்டோ, அதைப் போட்டு அடுத்த விளம்பரம். துணியை அவளே போய் வாங்கி வந்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. கழுத்துக்கு வைக்க லேசும் அவள் தேர்ந்தெடுத்ததுதான்.

டைலரம்மா வெறி பிடித்தவர் மாதிரி தைத்தார். அவர் தைத்து முடித்த அன்று நான் சின்னம்மா கட்டிலுக்கு அருகே செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தேன். கவுனோடு வந்து உட்கார்ந்தார். காரியத்தைச் சொன்னார்.

"எனக்கு வெட்கமா இருக்கும்க்கா" என்றார் சின்னம்மா.

"வெட்கம் உனக்கு எதுக்கு? அதைப் படவேண்டியவங்க வேற ஆளுங்க."

"அவன் அழுதுடுவான்."

"அழட்டும்."

"பாவம்க்கா அவன்."

"எல்லாரையும் பாவம் பாவம்னு பார்த்துத்தான்டி இப்படி வத்திப்போய் உட்கார்ந்திருக்க. எனக்கு உன்னைத் தவிர யாருடி இருக்கா? நீ போயிட்டா நான் யாருக்காகச் சண்டை போடுவேன்?"

சின்னம்மா கவுனின் லேசைத் தடவினார். அந்தக் கையைப் பார்த்தேன், சதையே இல்லை. மணிக்கட்டு எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. பிறகு அவர் மெதுவாக இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "சரி, போட்டுவிடு. எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார். அவர் வாழ்க்கையில் 'பரவாயில்லைங்க' சொல்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிறு வந்தது. கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். பிஸ்கட்டும் பழமும் மேசை மேல் அடுக்கியிருந்தது, வந்தவர்களுக்குத்தான். மேடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு அன்பு, பாசம், குடும்பம் என்று அளந்துகொண்டிருந்தாள். தங்கை மகன் மனைவியோடும் மகளோடும் முன்வரிசையில் இருந்தான். "அம்மா எங்கே?" என்று கேட்டவனிடம், "வந்துட்டே இருக்காங்க, தயாராகுறாங்க" என்றாள் மேடம். படம் பிடிக்கக் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டான்.

டைலரம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் சின்னம்மா, கழுத்துவரை போர்வை. நேராக மகன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எங்க பெரியம்மா கவுன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

டைலரம்மா போர்வையை எடுத்தார்.

நீலத்தில் வெள்ளைப் புள்ளி. கழுத்தில் லேசு. உள்ளே சின்னம்மா. தோள் சரியாக இருந்தது, மார்பு சரியாக இருந்தது, இடுப்பில் இழுக்கவில்லை. நீளம் மட்டும் குறைவு. குச்சிபோன்ற முழங்கால்களை மறைக்க அவர் கவுனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே, மகனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அழுகையும் வந்தது, மேடத்தின் கழுத்தைத் திருக வேண்டும் என்ற வெறியும் வந்தது.

"நீ அனுப்பின அளவுதான்டா" என்றார் டைலரம்மா. கூடம் முழுக்கக் கேட்டது. "உன் பொண்ணோட அளவு. ஒரு நூல் கூட்டல குறைக்கல. உங்கம்மாவுக்கு எவ்வளவு கச்சிதமா இருக்கு பாரு."

அந்தக் குழந்தைதான், "அப்பா, அது எனக்குத் தைச்சதுதானே? பாட்டிக்கு எப்படிப் பத்துது?" என்று கேட்டது. கைப்பேசி கையிலேயே இருந்தது, படம் ஓடிக்கொண்டே இருந்தது.

மேடம் பாய்ந்து வந்தாள். "பெரியவங்க சும்மா தமாஷ் பண்றாங்க. பாட்டு போடுங்க, பாட்டு போடுங்க!" அப்போதும் சிரிப்பு. டைலரம்மா அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. இடுப்பிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். நேராக என்னிடம் வந்தார். "எழுந்திருங்க டிக்கெட்." எழுந்தேன். என் மகள் கண்ணெதிரே கால்சட்டையின் பின்தையலை வெட்டி ஒரு இழு இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்திருக்காவிட்டால் மானம் போயிருக்கும். அதற்குள் மற்றவர்களும் தங்கள் அப்பா அம்மாவின் இடுப்பில் கையை விட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மடிப்பு மடிப்பாக உள்ளே துணி. என் மகள் என் இடுப்பு எலும்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சிரிப்பு மேடத்தின் முகம் முதல்முறையாக வேறு வேலை பார்த்தது. எனக்கு அது போதவில்லை. இன்னும் வேண்டும்போல் இருந்தது.

தங்கை மகனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று நினைக்கிறீர்கள்?

"இத்தனை பேர் முன்னாடி எங்கம்மாவை இப்படியா அசிங்கப்படுத்துவீங்க பெரியம்மா? உங்களுக்கு மனசே இல்லையா?"

"அசிங்கம்தான்" என்றார் டைலரம்மா. "தூக்கிப் பாரு."

அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று குனிந்தான். ஒரு பெரிய மனுஷியைத் தூக்குவதற்கு என்ன பலம் வேண்டுமோ அத்தனையையும் கூட்டித் தூக்கினான். அங்கே தூக்குவதற்கு எதுவும் இல்லை. தூக்கிய வேகத்தில் பின்னால் தடுமாறிச் சுவரில் மோதி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மடியில் அம்மா. "அடிபட்டுச்சாப்பா?" என்று அவர் மகன் முதுகைத் தடவினார். அப்புறம்தான் அவன் அழுதான். வாயைத் திறந்து, சின்னப் பையனாகத் தேம்பித் தேம்பி அழுதான்.

அந்தக் கவுனோடேயே அவரைக் காரில் ஏற்றினான். "அக்காவையும் கூட்டிக்கோடா" என்று சின்னம்மா கையை வெளியே நீட்டிக்கொண்டே இருந்தார். "அவங்க இங்கயே இருக்கட்டும்" என்று கதவைச் சாத்தினான். டைலரம்மா வாசலில் கார் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

பிறகு என்ன நடந்தது? நீங்கள் நினைப்பது நடக்கவில்லை. சில பேரை வீட்டுக்கோ வேறு இடத்துக்கோ கூட்டிப்போனார்கள். என்னைக் கூட்டிப்போக என் மகள் வீட்டில் இடமில்லை. இன்னொரு ஆயாம்மா போட வேண்டும் என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள். அதிகாரிகள் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். கொஞ்ச நாள் முட்டை வந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சிரிப்பு மேடம் நாற்காலியில் அப்படியே இருக்கிறாள். ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் வயதானவர்களுக்கு ஆபத்து என்று சொல்லி, தையல் மிஷினை எடுத்துக்கொண்டுபோய் எங்கோ பூட்டிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான்.

சின்னம்மா ஒருநாள் என் கைப்பேசிக்குக் கூப்பிட்டார். டைலரம்மா காதில் வைத்துக்கொண்டதும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?"

அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் தெம்பு ஏறியிருந்தது. "ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்க்கா. மருமக பக்கத்துலயே உட்கார்ந்து ஊட்டுறா. முதுகுப் புண்ணு ஆறிட்டு வருது. ஆனா உன் பேரை எடுத்தாலே இவன் எழுந்து போயிடுறான்."

"போகட்டும். நீ சாப்பிடு" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் ஒரு சட்டை தயாராகிவிடும்.

இப்போது மேடத்தின் பழிவாங்கல் நடக்கிறது. டைலரம்மாவின் தட்டு கடைசியாக வரும், முதலில் போகும். அவரும் இளைத்துக்கொண்டுதான் வருகிறார். ஆனால் வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். எடுக்க வருகிறவரை ஒரு முறை முறைப்பார். அரைத்த கூழோ, ஆறிப்போன சூப்போ, காய்ந்த ரொட்டியோ, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசித் துணுக்குவரை வழித்துச் சாப்பிட்டு முடிப்பார். சில சமயம் குமட்டும். வாயைப் பொத்திக்கொண்டு விழுங்குவார்.

நேற்று நான் பாதி ரொட்டியோடு தட்டைத் தள்ளிவிட்டேன். தன் மேசையிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன், மீதி?"

"பசியில்லைம்மா."

"பசிக்காகவா சாப்பிடச் சொல்றேன்?" கூடத்தின் கோடியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மேடத்தைக் கண்ணால் காட்டினார். "நாம செத்தா அவளுக்குத்தான் நிம்மதி. சாப்பிடுங்க."

ரொட்டியை எடுத்து மென்றேன்.